நார் போட்டுத் தேய்த்த கார்

வீட்டு வாசலில் நிறுத்தியே காருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். அடிக்கலாம். தாராளமாக அடிக்கலாம். அடித்து முடித்த பிறகு என்னிடம் வராமல் இருந்தால் போதும்.

போன மாதம் எங்கள் தெரு ரகு அடித்தார். வங்கியில் வேலை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த நம்பிக்கையில் ஆன்லைனில் இரண்டு ஸ்ப்ரே கேன் வரவழைத்து, நிழலாக இருக்கிறதே என்று வண்டியை முருங்கை மரத்தடியில் நிறுத்தி, பின் கதவுக்கு அடித்துவிட்டார். ஈரம் காய்வதற்குள் மரத்திலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி இறங்கி, பாதிக் கதவு வரை நடந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

“வீடியோல இப்டியேதான் சார் பண்ணாங்க” என்றார், பாவமாக.

“வீடியோல முருங்க மரம் இருந்துச்சா?” என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

திண்டிவனம் ரோட்டில் நான் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த ஷெட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். இப்போது அங்கே இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், “நீங்களும் ஒரு வாசல்ல அடிச்சீங்களேண்ணா, அந்த நார் போட்ட வண்டி. அத்த எழுதி வைங்க” என்றார்கள். சம்பந்தப்பட்ட அஞ்சலையிடம் அனுமதி கேட்டேன். “நல்லா எழுதுங்கண்ணா. எம் பேரையும் போடுங்க” என்றார். போட்டாயிற்று.

நான் தொழில் கற்ற கதையை நீட்டப் போவதில்லை. பத்தாவது தவறிய வருஷமே ஷெட்டில் சேர்ந்தேன். முதல் வருஷம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டாவது வருஷமும் தேய்த்தேன். மூன்றாவது வருஷம் தேய்ப்பதற்குத் தண்ணீர் ஊற்ற எனக்குக் கீழே ஓர் ஆள் வந்தார். அவ்வளவுதான்.

வேலைக்கு மட்டும் எப்போதும் பஞ்சமில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர் மலைக்கோட்டைக் குரங்குகள். மலையேறிப் பார்க்க வருகிறவர்கள் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலே போவார்கள். திரும்பி வரும்போது குரங்குக் குடும்பம் ஒன்று பானட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். விரட்டினால் நகத்தால் நாலு கோடு இழுத்துவிட்டுத்தான் இறங்கும். அந்த வண்டிகள் நேராக எங்களிடம் வரும். சம்பளம் வாங்காத ஏஜெண்டுகள் என்று அந்தக் குரங்குகளைச் சொல்வோம்.

என் மேஸ்திரி காசீம் பாய். ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பீடி மாதிரி ஒரு சாக்பீஸ் சொருகியிருக்கும். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாம் ஒரு கதவைத் தேய்த்து முடித்து, “பாய், ஆச்சு” என்று சொல்வோம். வருவார். கதவை நேராகப் பார்க்கவே மாட்டார். பக்கவாட்டில் குந்தி, ஒரு கண்ணை மூடி, வெளிச்சம் கதவின் மேல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பார். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கை எங்காவது நின்றால் சாக்பீஸ் காதிலிருந்து இறங்கும். அந்த இடத்தில் ஒரு வட்டம். தடவுவார், நிற்பார், ஒரு வட்டம். முடித்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். என்னுடைய முதல் கதவில் பதினேழு வட்டங்கள். மார்கழி மாசத்து வாசல் தோற்றது.

அந்த வட்டம் ஒருமுறை என் மேலேயே விழுந்தது. அதைச் சொல்லாமல் அஞ்சலை கதையைச் சொன்னால் புரியாது.

ஒரு ரைஸ்மில்காரர் தன் காரைக் கொண்டுவந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். இடதுபக்கம் முழுக்க உரசல். உரசலில் ரோஸ் கலர் சுண்ணாம்பு அப்பியிருந்தது. “சேத்துப்பட்டுல ஒரு லாரிக்காரன் இடிச்சிட்டான்” என்றார். எனக்கு அப்போது வாய்த்துடுக்கு அதிகம். “லாரி இல்லீங்க, இது நம்ம சினிமா கொட்டாய் செவுரு கலராச்சே. நேத்து ராத்திரி ஆட்டம் பாத்தீங்களா?” என்றேன். அவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ரைஸ்மில்காரர் வீட்டில் சேத்துப்பட்டுக்கு நெல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

அவர்கள் போன பிறகு பாய் என் எதிரே வந்து நின்றார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். என் சட்டைப் பையின் மேல், நிதானமாக, ஒரு வட்டம் போட்டார். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்று முழுவதும் அந்தச் சட்டையோடுதான் வேலை செய்தேன். ஒரு காரைத் தொட்டுத் தடவுகிறவனுக்கு அந்த வீட்டுக்காரர்களைப் பற்றித் தெரியவேண்டாத பலதும் தெரிந்துபோகும். தெரிந்ததை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். பாய் இதைச் சொல்லவில்லை, வட்டம் சொன்னது.

இனி நார் கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாசம். புதன்கிழமை மத்தியானம். ஷெட் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று, ஓர் அம்மாவும் மகளும் இறங்கினார்கள். மண்டகப்பட்டு போகிற வழியில் உள்ளடங்கிய ஊர். அம்மா பெயர் அஞ்சலை. புருஷன் இல்லை, ஒண்டியாளாகக் கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டு மகளை டிகிரி வரை படிக்க வைத்தவர். மகள் கோமதி; கல்யாணமாகி மூன்று மாசம், தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

அஞ்சலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். கோமதிதான் சொன்னாள்.

“யம்மா எங்க வூட்டுக்காரரு காரைத் தேச்சிடுச்சிண்ணா.”

“இன்னாத்தால?”

“நாரு போட்டு.”

“துணி நாரா?”

“தேங்கா நாரு. சாம்பலு, கொஞ்சம் புளியும்.”

நான் கையிலிருந்த பெயிண்ட் அடிக்கும் கன்னைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை தினேஷ் கோமதியை விட வந்த இடத்தில், நண்பர்களோடு வேனில் திருப்பதி போவதாக ஏற்பாடு. தன் காரை மாமியார் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அன்று விடியற்காலையில் கிளம்பியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு தாம்பரம் போவார். சாமி பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளைக்கு வண்டி ஜொலிக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. ஆடித் திருவிழாவுக்குப் பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் தேய்த்து வைத்த கை. அதே நாரும் சாம்பலுமாகக் காரிலும் இறங்கிவிட்டது. கூரையிலிருந்து சக்கரம் வரை ஓர் இடம் பாக்கி விடவில்லை. பானட்டில் காக்கா எச்சம் காய்ந்து ஒட்டியிருக்க, அதற்கு மட்டும் கம்பி நார்.

“புது வண்டிண்ணா” என்று அஞ்சலை முதல்முறையாக வாய் திறந்தார். “பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாங்க, மாப்ள புதுசா காரு வாங்கியிருக்காருன்னு. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். இப்ப நானே பாழாக்கிட்டேன்.”

கார் மட்டுமாக இருந்தால் சமாளித்திருப்பார். கோமதியின் மாமியார் வீட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. இவள் குக்கரைத் திறந்தால் ஒரு சிரிப்பு, மிக்ஸியைப் போட்டால் ஒரு சிரிப்பு. ‘ஊர்ல அம்மா இதெல்லாம் காட்டலியா?’ என்று. இந்த நார் விஷயம் தாம்பரம் போய்ச் சேர்ந்தால் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மகள் அந்தச் சிரிப்புக்கு நடுவில் வாழ வேண்டும். அஞ்சலையின் பயம் அதுதான்.

“வண்டிய இங்க எடுத்தாங்க” என்றேன்.

“சாவி அவருகிட்ட இருக்குது” என்றாள் கோமதி.

ஆக, என் பெயர்கொண்ட சாமியைப் பார்க்கச் சாவி திருப்பதிக்குப் போய்விட்டது. வண்டியை நகர்த்த முடியாது. கதவைத் திறக்க முடியாது. பானட்டைத் தூக்க முடியாது. நிற்கிற இடத்திலேயே, வேப்பமரத்தடியில், ஆடிக் காற்றில் வேலை. இப்படி ஒரு வேலையை எந்தப் பெயிண்டரும் ஒப்புக்கொள்ள மாட்டான். எனக்கு அன்று கொஞ்சம் திமிர் இருந்தது. “வர்றேன் போங்க” என்றேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கருநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளி மின்னுகிற மெட்டாலிக் வண்டி. அடர்ந்த நிறத்தில் ஒரு மயிர்க்கோடு விழுந்தாலும் தெரியும். இதில் அண்டா தேய்த்த வட்டங்கள் ஆயிரம் கிடந்தன. வெயில் பட்டதும் வண்டி முழுக்கச் சிலந்தி வலை கட்டியது போல இருந்தது. ஆழம் பார்க்கலாம் என்று பானட்டில் கையை ஊன்றினேன். வண்டி வீல் வீல் என்று அலற ஆரம்பித்தது. திருடன் வந்தால் கத்துகிற அலாரம் வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. அதை நிறுத்தவும் சாவி வேண்டும், இல்லாவிட்டால் அதுவாக ஓய வேண்டும்.

“காலைல தேய்க்கிறப்பவும் இப்டித்தாண்ணா கத்துச்சி” என்றார் அஞ்சலை. “புது எடம், புது ஆளு, மெரளுதுன்னு நெனச்சேன். முதுவுல தட்டிக் குடுத்தேன், அடங்கிடுச்சி.”

சிரிக்கக் கூடாது என்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கோமதிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

சாக்பீஸை எடுத்துச் சுற்றி வந்து ஆழமான இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டேன். கூரை, கதவு எல்லாம் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சில் மட்டும்தான் கோடு. அதை நாங்கள் கிளியர் என்போம். அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். கம்பி நார் பட்ட பானட்டில் கிளியரும் போய், நிறமும் போய், பிரைமர் என்கிற சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. அங்கே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் சின்ன கம்ப்ரசரையும் சாமான்களையும் மினி வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். முதல் வேலை தண்ணீர். இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் என்ற நைசான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, ஒரே திசையில், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவ வேண்டும். சாதாரணமாகவே மெதுவான வேலை. இங்கே இம்மி அதிகமாக அழுத்தினால் வண்டி அலறும். அலறினால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். “இன்னா அஞ்சல, காருக்குக் காப்பு கட்டிட்டியா? ஒரே சத்தமா இருக்குது” என்று ஒருமுறை கேட்டே விட்டாள். கடலை காயவைக்கும் தார்ப்பாயை வண்டியைச் சுற்றிக் கட்டினோம். உள்ளே நான், வெளியே அஞ்சலை காவல்.

தேய்த்த இடமெல்லாம் பால் பூசியது போல மங்கும். பிறகு காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையை வைத்துத் துணியால் சுழற்றிச் சுழற்றித் துடைத்தால் கருநீலம் மெல்ல மேலே எழுந்து வரும். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கூரையை முடித்து அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் முகம் அதில் தெரிந்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார்.

இடதுபக்கப் பின்கதவையும் துடைத்து முடித்துத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை ஓடிக்கொண்டிருந்தது; நின்றது.

மறுபடி தடவினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத ஒரு மேடு. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன். முன்கதவு தகரமாக ‘டங்’ என்றது. பின்கதவு ‘டொக்’ என்றது. உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பசை, அதுவும் கனமாக. கண்ணாடி ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் தூவல் ஒட்டியிருந்தது. கம்பெனியில் பெயிண்ட் அடித்த பிறகுதான் ரப்பர் மாட்டுவார்கள். இந்த வண்டி எங்கேயோ பலமாக இடிபட்டு, நசுங்கி, நிமிர்த்தி, பட்டி பார்த்து, மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி. கூர்ந்து பார்த்தால் சக்கரத்து உள்பக்கம், விளக்குக் கண்ணாடி, எல்லாமே நாலைந்து வருஷம் ஓடிய தேய்மானம். மாப்பிள்ளை வாங்கியது புது வண்டி இல்லை.

கை பழக்கத்தில் சாக்பீஸை எடுத்து அந்தக் கதவில் ஒரு வட்டம் போட்டுவிட்டது. அதே நேரம் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அஞ்சலை கூழ்ச் சொம்போடு உள்ளே வந்தார். சட்டென்று உள்ளங்கையால் வட்டத்தைத் துடைத்துவிட்டு, சொம்பை வாங்கிக்கொண்டேன்.

“நீ குடிச்சியாம்மா?” என்றேன்.

“எனக்கு எறங்கலண்ணா. நேத்திலேர்ந்து ஒன்னியும் எறங்கல. புது வண்டி. கண்ண மூடுனா அதுவேதான் தெரியுது.”

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த அம்மாவுக்குப் பசி எடுத்திருக்கும். ‘உன் மாப்ள வண்டியே பட்டி பாத்த வண்டிதாம்மா.’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இவர் பயம் போகும். ஆனால் மூன்று மாசக் கல்யாணத்தில் மாப்பிள்ளை சொன்ன ஒரு பொய் என் வாய் வழியாக இந்த வீட்டுக்குள் நுழையும். என் சட்டைப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். “சனிக்கெழமைக்குள்ள முடிச்சிடுவேன், சாப்டு” என்று மட்டும் சொன்னேன். அப்படி வாயைக் கட்டியதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்தது நிறம். ஒவ்வொரு வண்டியிலும் கலர் நம்பர் அச்சடித்த ஒரு சீட்டு இருக்கும். கதவுக்கு உள்ளேயோ பானட்டுக்கு அடியிலேயோ ஒட்டியிருப்பார்கள். இரண்டும் பூட்டி. அதனால் கண்ணால்தான் கலக்க வேண்டும். நீலம், கறுப்பு, பொடி வெள்ளி, ஒரு சொட்டு வயலெட். கலந்ததை டப்பாவில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, காய்ந்தால் வேறு நிறமாகிவிடும். பிஸ்கட் டின் மூடியில் அடித்து, காய வைத்து, கிளியர் போட்டு, வண்டியோடு ஒட்டிப் பிடித்து, வெயிலிலும் நிழலிலும் பார்க்க வேண்டும். மூன்று மூடி வீண். நாலாவது மூடி எனக்குத் திருப்தியாக இருந்தது.

அஞ்சலை தள்ளி நின்று பார்த்தார். “இது அது இல்லண்ணா. கத்திரிப்பூ அடிக்குது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கலர் கலந்தவனிடம் கடலைக்காட்டு அம்மா வந்து கத்திரிப்பூ என்கிறார். மூடியை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போனேன். சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கத்திரிப்பூதான். ஐந்தாவது மூடியில் வயலெட்டை விட்டுவிட்டேன். அதை அவரிடமே நீட்டினேன். “ம், இதான்” என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அடித்தோம். ஆடிக் காற்று எட்டு மணிக்கு மேல்தான் எழும்பும். அதற்குள் முடித்தாக வேண்டும். முந்தின நாளே வேப்பமரத்துக் காய்ந்த கிளையை எல்லாம் உலுக்கிவிட்டு, தார்ப்பாயை மேலேயும் கட்டியாயிற்று. அஞ்சலை வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். நனைத்த வேட்டிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டார். கண்ணாடி, விளக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் தினத்தாளை ஒட்டினேன். திறக்க முடியாத பானட் இடுக்குகளுக்குள் டேப்பைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தேன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் ஃபேன் கிழவன் மாதிரி சுற்றியது.

பிரைமர். தேய்ப்பு. பிறகு நிறம்: மெல்லிசாக ஒரு கோட்டுப் பூச்சு, ஈரப் பளபளப்பு அடங்கும் வரை காத்திருப்பு, அடுத்த கோட்டு. மெட்டாலிக்கில் அவசரப்பட்டால் வெள்ளிப் பொடி ஓரிடத்தில் திட்டாக நிற்கும். மூன்று கோட்டு முடித்து, நிறத்தை இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் வரை தேய்ந்து மறைகிற மாதிரி இழுத்து, மேலே இரண்டு கோட்டு கிளியர் போட்டேன். கன்னை இறக்கியபோது முதல் காற்று வந்து நனைந்த வேட்டியை அசைத்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

சனிக்கிழமை கடைசி பாலிஷ். மத்தியானம் எல்லாம் முடிந்தது. சாமான்களை அனுப்பிவிட்டு நானும் கிளம்பினேன். அஞ்சலை விடவில்லை. “மாப்ள வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் இருங்கண்ணா. வடை சுடறேன்.” எனக்குத் துணை தேவையில்லை, அவருக்குத் தேவைப்பட்டது. இருந்தேன். பந்தல் போட வந்த தூரத்துச் சொந்தம் என்று என்னைச் சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், கையில் லட்டுப் பை. பையைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு நேராகக் காரிடம் போனார். பானட்டைப் பார்த்தார், தாண்டிப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வலதுபக்கம் போனார், பின்னால் போனார், இடதுபக்கம் வந்தார். பின்கதவு எதிரே நின்றுவிட்டார்.

நான் வடையும் கையுமாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எனக்கும் அது தெரிந்தது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் கதவின் மேல் வழுக்கியபோது, அரை வட்டமாக, லேசான சாக்பீஸ் கோடு. வியாழக்கிழமை அவசரத்தில் நான் பாதி துடைத்த வட்டம். வண்டி முழுக்கக் கடைசி பாலிஷ் போட்டவன், அந்த ஒரு கதவை மட்டும் மறந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். சரியாகப் பட்டி இருக்கும் இடம். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் நகக்கண்ணில் நீலம் இருந்தது. பந்தல்காரனுக்கு நீல நகம் ஏன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று.

அந்த முகத்தைப் பார்த்து அஞ்சலை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“மாப்ள, நாந்தான். கோமதிய ஒன்னியும் சொல்லாதீங்க. நாரு போட்டுத் தேச்சிட்டேன். அண்டா மாதிரி நெனச்சித் தேச்சிட்டேன். இந்த அண்ணாதான் மூணு நாளா சரி பண்ணாரு. அறிவு கெட்டவ நானு. உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தினேஷுக்குக் கிடைத்த வாய்ப்பைப் பாருங்கள். ‘பரவாயில்ல அத்தை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரிய மனசுக்கார மாப்பிள்ளை. பட்டி விஷயம் அப்படியே உள்ளே கிடக்கும். அவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

அவர் கதவிலிருந்து கையை எடுத்து, “அத்தை, அழாதீங்க” என்றார். “இது புது வண்டி இல்ல. செகண்ட் ஹேண்ட். இந்தக் கதவு ஏற்கெனவே ஆக்சிடெண்ட் ஆனது. பொண்ணு பாக்க வந்தப்ப பெரியப்பா புதுசுன்னு சொல்லிட்டாரு. நீங்க சந்தோசப்பட்டீங்க. எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரல.”

அஞ்சலை முந்தானையை விலக்கினார். “புதுசு இல்லியா?”

“இல்ல அத்தை.”

“அப்ப நான் இன்னாத்துக்கு மாப்ள நாலு நாளா சோறு எறங்காம கெடந்தேன்?”

அதைக் கேட்டு முதலில் சிரித்தவள் கோமதி. பிறகு சட்டென்று நிறுத்தி, “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். மொட்டைத் தலை குனிந்தது. அஞ்சலைதான் நடுவில் புகுந்து, “வுடு, இன்னைக்கி எல்லாரு அழுக்கும் வெளிய வந்துடுச்சி. மாப்ள, கைய கழுவினு வாங்க, வடை ஆறுது” என்றார். அன்று அந்த அம்மா சாப்பிட்ட வடையை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் எழுதமாட்டேன்.

கிளம்பும்போது தினேஷ் என்னைத் தனியே கேட்டார். “அந்தக் கதவு நல்லா பண்ணலையாண்ணா?”

“பட்டி கனமா போட்டிருக்கான். ரெண்டு வருஷத்துல வெடிக்கும்.”

வெடித்தது. போன ஆடியில் அழைத்தார்கள். ஷெட்டுக்கு வண்டியை எடுத்து வருவதாகத் தினேஷ் சொன்னார், அஞ்சலை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வாசலிலேயே நடக்கட்டும் என்றுவிட்டார். இந்த முறை சாவி இருந்தது, அலாரம் அடங்கியிருந்தது, தார்ப்பாய் மறைப்பு இல்லை. தெருவே வந்து நின்றது. “எங்க மாப்ள வண்டி செகண்ட் ஹேண்டுதான்” என்று அஞ்சலை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் ஒரு தபா நாரு போட்டுத் தேச்சிட்டேன். அதையும் கேளுங்க.”

எனக்கு மூட்டு வலி வந்து, இதோடு வேலையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடைசி வேலை என்பதால் கொஞ்சம் ஆசையாகச் செய்தேன். பழைய பட்டியைத் தகரம் வரை சுரண்டி எடுத்து, பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தி, புதுப் பட்டியை மெல்லிசாக இழுத்து, காய வைத்து, தேய்த்து, மறுபடி தேய்த்து, பக்கவாட்டில் குந்திப் பார்த்தேன். வெளிச்சம் தங்கு தடையில்லாமல் போயிற்று. பட்டி டப்பாவை மூடினேன்.

“ஆச்சும்மா” என்றேன்.

அஞ்சலை வந்தார். கதவை நேராகப் பார்க்கவில்லை. அண்டாவைத் தேய்த்து முடித்ததும் பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். கைப்பிடிக்குக் கீழே வந்ததும் கை நின்றது. மறுபடி தடவினார், அங்கேயே நின்றது. கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

“சாக்பீஸ் குடுங்கண்ணா.”

கொடுத்தேன். நிதானமாக ஒரு வட்டம் போட்டார். போட்டுவிட்டு, டீ வைக்க உள்ளே போய்விட்டார்.

நான் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். காகிதக் கனத்துக்கு ஒரு பள்ளம். மூடின பட்டி டப்பாவை மறுபடியும் திறந்தேன்.